நாளைய தடுப்பூசியும் இன்றைய ஊசியும்

"மார்பகப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடிப்பு" என்பது தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அலுக்கவே அலுக்காத தலைப்புகளுள் ஒன்று. சில மாதங்களுக்கு ஒரு முறை அது வந்துவிடும். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர், எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கிடைத்த வெற்றி, நுணுக்குக்காட்டியில் கண் பதித்த வெள்ளைக் கோட்டுக்காரரின் படம், "இன்னும் சில ஆண்டுகளில் பாவனைக்கு வரும்" என்ற கடைசி வரி. காலையில் அச்சான செய்தி மதியத்துக்குள் டொரொன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர்களின் கைத்தொலைபேசிகளுக்குத் திரும்பி வருகிறது. மாலையில் வெள்ளவத்தை காலி வீதியிலுள்ள பாமசிகளில் யாராவது ஒருவர் வந்து, "அந்த ஊசி வந்துவிட்டதா?" என்று கேட்கிறார்.

அந்தச் செய்தி பொய் என்று நான் சொல்லவில்லை. அநேகமாக அதில் பொய் இருப்பதில்லை. ஆராய்ச்சி நடந்திருக்கும், எலிகளும் பிழைத்திருக்கும். என் குற்றச்சாட்டு வேறு. வராத ஊசியைப் பற்றி ஆண்டுக்கு நான்கு முறை எழுதும் நாம், ஏற்கெனவே வந்துவிட்ட ஊசியைப் பற்றி எழுதுவதில்லை. மார்பகப் புற்றுநோய்க் கலத்தின் மேலிருக்கும் ஓர் அடையாளத்தைக் குறிவைத்துத் தாக்கும் மருந்தொன்று 1998ஆம் ஆண்டிலிருந்தே உலகில் இருக்கிறது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அதனை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த மருந்து தேவையா, தேவையெனில் உரிய நேரத்தில் கிடைக்கிறதா, கிடைக்கத் தொடங்கினால் இடையில் நிற்காமல் கிடைக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் கேட்பதற்கு எமது பத்திரிகைகளில் ஆளில்லை.

சொல்லிலேயே இருக்கிறது சிக்கல்

இலங்கைப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு "பிறபொருளெதிரி" என்ற சொல் நினைவிருக்கும். உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை எதிர்ப்பதற்காக உடல் உண்டாக்கும் புரதம் அது. அந்த எதிர்ப்பைத் தூண்டும் பொருள் "பிறபொருளெதிரியாக்கி". தமிழக வாசகர்கள் முன்னதை ஆன்டிபாடி என்றும் பின்னதை ஆன்டிஜென் என்றும் அறிவார்கள். நோயெதிர்ப்பு ஆற்றலை நாம் "நிர்ப்பீடனம்" என்று படித்தோம். நல்ல சொற்கள்தாம். ஆனால் புற்றுநோய்க்கு வந்ததும் "பிறபொருள்" என்ற சொல் சற்றே தடுமாறுகிறது. புற்றுநோய்க் கலம் பிறபொருள் அன்று. அது எம்முடைய உடலின் சொந்தக் கலம், வழிதவறிப்போன பிள்ளை. அதன் மேலிருக்கும் அடையாளங்களும் பெரும்பாலும் எம்முடையவையே. அதனால்தான் எமது நிர்ப்பீடனம் அதனைக் கண்டும் காணாதது போல விட்டுவிடுகிறது. கொள்ளை நோய்க் கிருமிக்குத் தடுப்பூசி செய்வது போலப் புற்றுநோய்க்குச் செய்ய முடியாமற் போவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

ஆகவே விஞ்ஞானிகள் தேடியது புற்றுநோய்க் கலத்தில் மட்டும் மிகையாக இருக்கும் அடையாளங்களை. அவற்றுள் புகழ்பெற்றது ஹெர்-2 என்ற புரதம். சாதாரண மார்பகக் கலமொன்றின் மேற்பரப்பில் இது ஏறத்தாழ 20,000 என்ற அளவில் இருக்கும். சில புற்றுநோய்க் கலங்களில் அது 20 இலட்சம் வரை பெருகிவிடுகிறது. "வளர், வளர்" என்ற கட்டளையைக் கலத்துக்குள் கடத்துவது அதன் வேலை. 1987இல் கலிபோர்னியாவின் டெனிஸ் ஸ்லேமனும் அவரது குழுவினரும் இப்புரதத்துக்கான மரபணு பெருகியுள்ள பெண்களுக்கு நோய் விரைவில் திரும்புகிறது, அவர்கள் விரைவில் இறக்கிறார்கள் என்று காட்டினார்கள். மார்பகப் புற்றுநோயாளர்களில் 15 முதல் 20 வீதமானோர் இந்த வகையினர். அக்காலத்தில் அதுவே மிக மோசமான வகைகளுள் ஒன்று.

அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி ஒன்றை ஆய்வுகூடத்தில் உருவாக்கினார்கள். அதுவே டிராஸ்டுசுமாப், ஹெர்செப்டின் என்ற வணிகப் பெயரில் 1998 செப்டெம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, வளர்ச்சிக் கட்டளையைத் தடுக்கிறது. மற்றது, தனது வாற்பகுதியால் உடலின் கொல்லிக் கலங்களை அழைத்து, "இதோ இருக்கிறது, அடி" என்று காட்டிக்கொடுக்கிறது. நிர்ப்பீடனச் சிகிச்சை என்று இன்று எல்லோரும் பேசுவதன் ஒரு முழுமையான முன்மாதிரி அந்தக் குப்பிக்குள் இருந்தது. நோய் பரவிய நிலையிலிருந்த பெண்களில் நடத்திய பரிசோதனையின் முடிவு 2001இல் வெளியானது. இரசாயன மருந்து மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்வுக்காலம் 20.3 மாதங்கள், இதனையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 25.1 மாதங்கள். சத்திர சிகிச்சை முடிந்த ஆரம்ப நிலை நோயாளர்களில் கிடைத்த முடிவு இதனினும் பெரியது. 2005இல் வெளிவந்த ஆய்வுகளின்படி, நோய் திரும்பும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

மிக மோசமான வகை என்று அஞ்சப்பட்ட ஒன்று, சிகிச்சைக்கு நன்கு இணங்கும் வகையாக மாறியது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த அடையாளம் இருக்கிறதா என்று முதலில் பரிசோதிக்க வேண்டும். பிறகு, ஊசி தவறாமற் கிடைக்க வேண்டும்.

மரண அறிவித்தல் பெறாத செய்திகள்

இனி அந்தத் தடுப்பூசிகளுக்கு வருவோம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் மரண அறிவித்தல் பக்கத்துக்குள்ள மதிப்பு உலகறிந்தது. யார் மறைந்தாலும் பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்ற பிள்ளைகள், கிரியை நடைபெறும் நேரம் எல்லாம் ஒழுங்காக வரும். ஆனால் மருந்துகளின் மரணத்துக்கு மட்டும் எமது பத்திரிகைகளில் இடமில்லை.

தெரடோப் என்றொரு தடுப்பூசி இருந்தது. புற்றுநோய்க் கலங்களின் மேலுள்ள ஒரு சர்க்கரை அடையாளத்தைக் காட்டி நிர்ப்பீடனத்தைத் தூண்டுவது அதன் நோக்கம். நோய் பரவிய 1,028 பெண்களில் பரிசோதிக்கப்பட்டது. வாழ்வை நீட்டவில்லை என்ற முடிவு 2003இல் வந்தது. நியூவக்ஸ் என்று இன்னொன்று. ஹெர்-2 புரதத்தின் ஒரு சிறு துண்டையே தடுப்பூசியாக்கியது. 758 பெண்கள் பங்குகொண்ட இறுதிக் கட்டப் பரிசோதனை, பயனில்லை என்று கண்டு 2016இல் இடைநிறுத்தப்பட்டது. இவை இரண்டும் தோன்றியபோது உலகச் செய்திகளில் நம்பிக்கை நட்சத்திரங்கள். மறைந்தபோது வணிகப் பக்கங்களின் மூலையில் பங்கு விலை வீழ்ச்சிச் செய்திகள்.

அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் 2021இல் மனிதரில் பரிசோதனை தொடங்கிய தடுப்பூசி ஒன்றுண்டு. பாலூட்டும் காலத்தில் மட்டும் சுரக்கும் ஒரு பாற்புரதம் சில மார்பகப் புற்றுநோய்களில் மீண்டும் தலைகாட்டுகிறது; அதனைக் குறிவைப்பது அந்த முயற்சி. அழகான எண்ணம். பங்குபற்றிய பெண்களில் பெரும்பாலானோரின் உடல் அதற்கு எதிர்வினை காட்டியது என்பது உண்மை. ஆனால் முதற் கட்டப் பரிசோதனையின் கேள்வி, "பாதுகாப்பானதா, எவ்வளவு கொடுக்கலாம்" என்பது மட்டுமே. "நோயைத் தடுக்கிறதா" என்ற கேள்விக்கு அது விடை சொல்வதில்லை. விடை வருவதற்கு ஆயிரக்கணக்கான பெண்களும் பல ஆண்டுகளும் வேண்டும். எமது தலைப்புகளோ முதற் கட்டத்திலேயே பாற்சோறு பரிமாறிவிடுகின்றன.

நான் ஆராய்ச்சிக்கு எதிரானவன் அல்லன். தோற்ற பரிசோதனைகளும் அறிவைத் தந்தன. அந்த வழியில்தான் ட்ரோப்-2 என்ற வேறோர் அடையாளத்தைக் குறிவைக்கும் மருந்து, எளிதில் மசியாத மும்மறை மார்பகப் புற்றுநோய்க்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டிராஸ்டுசுமாப்பின் முதுகில் நச்சு மருந்தை ஏற்றி அனுப்பும் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெக்கான் 2019 டிசம்பரில் வந்தது. ஹெர்-2 குறைவாக உள்ள பரவிய நோய்க்கும் அது பயன்படும் என்று 2022 ஓகஸ்டில் அனுமதிக்கப்பட்டது. இவை செய்திகள். எழுதத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கட்டம், எத்தனை பேர், எலியா மனிதரா, இங்கே கிடைக்குமா என்ற நான்கு விடயங்கள் இல்லாத மருத்துவச் செய்தி, குதிரைப் பந்தயத் துப்புக்கு மேலான மதிப்புடையதன்று.

அந்தத் தலைப்புகள் உண்டாக்கும் மயக்கத்தில் குளிர்காய்பவர்கள் வேறு இருக்கிறார்கள். "நிர்ப்பீடனத்தை அதிகரிக்கும்" தூள், சாறு, மாத்திரை, வெளிநாட்டுப் பழரசம் என்று காலி வீதியில் மட்டுமா விற்கிறார்கள்? பேஸ்புக்கிலும் விற்கிறார்கள். விலையோ பல்லாயிரம் ரூபா. "அமெரிக்காவிலேயே இப்போது நிர்ப்பீடனச் சிகிச்சைதானாம்" என்பது அவர்களது விற்பனை வசனம். டிராஸ்டுசுமாப் பொதுவாக நிர்ப்பீடனத்தை ஏற்றிவிடும் சத்து மருந்தன்று. ஒரே ஒரு விலாசத்துக்கு அனுப்பப்படும் பதிவுத் தபால் அது. விலாசமில்லாத கலத்துக்கு அது போய்ச் சேராது. விலாசமே எழுதாமல் தபால் அனுப்புகிறேன் என்பவனுக்கு நாம் முத்திரைக்காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

2+ என்றால் என்ன?

கட்டியிலிருந்து எடுத்த திசுவில் சாயமேற்றிப் பார்த்து, ஹெர்-2 அளவுக்கு 0, 1+, 2+, 3+ என்று புள்ளியிடுவார்கள். 3+ என்றால் உண்டு, மருந்து பயன்படும். 0, 1+ என்றால் இந்த மருந்துக்குரிய அளவில் இல்லை. 2+ என்றால்? "தெரியவில்லை, இன்னொரு பரிசோதனை செய்" என்பதே அதன் பொருள். அந்த இரண்டாவது பரிசோதனை மரபணுவின் எண்ணிக்கையை நேரடியாக எண்ணுவது. ஃபிஷ் என்று அழைப்பார்கள். அது எல்லா வைத்தியசாலைகளிலும் செய்யப்படுவதில்லை. தனியாரிடம் செய்வதானால் பணம் வேண்டும்.

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கம் வசிக்கும் ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெண்ணின் அறிக்கையில் 2+ என்று இருந்தது. அறிக்கை ஆங்கிலத்தில். விளக்கிச் சொன்னவர் சிங்களத்தில் இரண்டு வசனம் சொன்னாராம். "இரண்டு பிளஸ் என்றால் பரவாயில்லை, மூன்று என்றால்தான் கூடாது" என்று அவர்களாகவே விளங்கிக்கொண்டு, அறிக்கையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். இரண்டாவது பரிசோதனை செய்யவேண்டும் என்பது அடுத்த கிளினிக்கில் வேறொரு வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகே தெரிந்தது. இடையில் போனது ஏழு வாரங்கள். யாரும் தீயவர்கள் அல்லர். நெரிசல் மிகுந்த கிளினிக்கில் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கமுடியாத வைத்தியரைக் குறைசொல்லி என்ன பயன்? ஆனால் அந்த அறிக்கையின் அடியில் தமிழில் ஒரு வரி இருந்திருந்தால் ஏழு வாரங்கள் மிஞ்சியிருக்கும். 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று கூறுகிறது. ஒரு மொழி அரசகரும மொழியாக இருப்பதன் பொருள் பெயர்ப்பலகைகளில் எழுத்துப்பிழையோடு தொங்குவது மட்டுமா? தன் உடலில் என்ன நடக்கிறது என்பதைத் தன் மொழியில் அறியும் உரிமையைவிடப் பெரிய மொழியுரிமை எது?

பரிசோதனையின் தரம் இன்னொரு விடயம். எடுத்த திசு ஒரு மணித்தியாலத்துக்குள் ஃபோர்மலின் திரவத்தில் இடப்படவேண்டும். குறைந்தது 6, கூடியது 72 மணித்தியாலங்கள் அதில் இருக்கவேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். அது தவறினால் முடிவும் தவறலாம். அமெரிக்காவிலேயே ஹெர்-2 பரிசோதனைகளில் ஏறத்தாழ 20 வீதம் பிழையாக இருக்கலாம் என்று 2007இல் அந்நாட்டு நிபுணர் குழு எழுதியது. இங்கே, சத்திர சிகிச்சை முடிந்ததும் சாடியை உறவினரின் கையில் கொடுத்து, "ஆய்வுகூடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று அனுப்புவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். முச்சக்கர வண்டியில் மடிமேல் வைத்துக்கொண்டு போகிறார்கள். அந்தச் சாடிக்குள் இருப்பது ஒருவருடைய அடுத்த இருபது ஆண்டுகள்.

குப்பியில் இருக்கவேண்டியது

பரிசோதனை சரி, முடிவும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரங்களுக்கு ஒரு முறை, ஓராண்டுக்கு 18 ஊசிகள் என்பதே வழமையான ஒழுங்கு. முதலாவது ஊசியின் அளவு கூடியது. உடல் நிறையில் கிலோவுக்கு 8 மில்லிகிராம். பின்னையவை 6 மில்லிகிராம். இடையில் உரிய நாளுக்குமேல் ஒரு வாரத்தையும் தாண்டிவிட்டால் மீண்டும் அந்தப் பெரிய அளவிலிருந்து தொடங்கவேண்டும். அதாவது, களஞ்சியத்தில் மருந்து முடிந்துபோனால் நோயாளி மட்டும் நட்டப்படவில்லை. விலையுயர்ந்த அந்த மருந்தும் கூடுதலாகச் செலவாகிறது. "சிக்கனம்" என்ற பெயரில் கொள்வனவைத் தாமதிக்கும் அதிகாரிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததுண்டா?

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று அரசாங்கம் கைவிரித்த நாட்களை மறந்துவிடக்கூடாது. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையின் வைத்தியர்கள் மருந்துத் தட்டுப்பாடு பற்றி வெளிநாட்டு ஊடகங்களிடம் வெளிப்படையாகவே பேசினார்கள். வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து வெள்ளவத்தை லொட்ஜ்களில் அறையெடுத்துத் தங்கி, எரிபொருள் இல்லாத நாட்களில் மகரகமவுக்குப் போகும் வழி தேடியவர்களை அந்த வீதியில் கடை வைத்திருந்த எவரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

அடுத்து வந்தது 2023. தரமற்ற மனித இம்யூனோகுளோபுலின் குப்பிகள் அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. இம்யூனோகுளோபுலின் என்பது வேறொன்றுமில்லை, பிறபொருளெதிரியேதான். அதே விவகாரத்தில் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தின் பெயரும் அடிபட்டது. சிலவகை இரத்தப் புற்றுநோய்க் கலங்களின் மேலுள்ள அடையாளத்தைக் குறிவைக்கும் மருந்து அது. டிராஸ்டுசுமாப்பின் மூத்த சகோதரன் என்று சொல்லலாம். சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைது செய்யப்பட்டார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் ஒரு கேள்வி நீதிமன்றத்துக்கு உரியதன்று, எமக்கு உரியது. மருந்துகளை ஒழுங்குபடுத்துவதற்கென்றே 2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஓர் அதிகாரசபை இருக்கும் நாட்டில், குப்பிக்குள் என்ன இருக்கிறது என்ற சந்தேகம் நோயாளியின் நரம்புக்குள் ஏறிய பிறகா எழவேண்டும்?

இது பேராசிரியர் சேனக பிபிலே பிறந்த நாடு. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகி, மருந்தை வணிகப் பெயரில் அல்லாமல் உண்மைப் பெயரில், உலகச் சந்தையில் விலை கேட்டு வாங்குவது எப்படியென்று வளர்முக நாடுகளுக்கே வழிகாட்டிய நாடு. அந்தத் துணிவு எங்கே போயிற்று? டிராஸ்டுசுமாப்பின் ஏகபோகம் உடைந்த கதையை அயலில் பார்ப்போம். இந்தியாவில் 2012இல் நோயாளர் உரிமைக்காகப் போராடியோர் அந்த மருந்தின் விலைக்கெதிராக இயக்கம் தொடங்கினார்கள். 2013 ஓகஸ்டில் ரோஷ் நிறுவனம் அங்கே காப்புரிமையைத் தொடர்வதில்லையெனக் கைவிட்டது. 2014 தொடக்கத்தில் பயோகொன் நிறுவனத்தின் ஒத்த உயிரியல் மருந்து, 440 மில்லிகிராம் குப்பி 57,500 இந்திய ரூபாவுக்குச் சந்தைக்கு வந்தது. அதுவும் ஏழைக்கு எட்டாத விலைதான். ஆனால் கதவு திறந்தது. 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக ஒரு டிராஸ்டுசுமாப் ஒத்த மருந்துக்குத் தரச் சான்று வழங்கியது. ஆகவே "மலிவென்றால் தரமில்லை" என்று பயமுறுத்துவோரையும் நம்பவேண்டாம், "மலிவு போதும், தரம் பார்க்கவேண்டாம்" என்று கையொப்பமிடுவோரையும் நம்பவேண்டாம். இரண்டையும் ஒருங்கே பார்ப்பதற்குத்தான் அதிகாரசபை.

இன்னொரு வழியும் உண்டு. ஓராண்டு ஊசியை ஆறு மாதங்களாகக் குறைத்தால் என்ன என்று பிரித்தானியாவில் 4,000க்கும் மேற்பட்ட பெண்களில் ஆராய்ந்தார்கள். 2019இல் முழுமையாக வெளியான முடிவின்படி, நான்கு ஆண்டுகளின் பின் நோயின்றி இருந்தோர் ஓராண்டுக் குழுவில் 89.8 வீதம், ஆறு மாதக் குழுவில் 89.4 வீதம். இதயப் பாதிப்பும் குறைவு. பிரான்ஸின் ஆய்வு இதேயளவு உறுதியாகச் சொல்லவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. இது நிபுணர்கள் கூடிப் பேசித் தீர்மானிக்கவேண்டிய விடயம். ஆனால் பேசித் தீர்மானித்து ஆறு மாதம் கொடுப்பது ஒன்று. பன்னிரண்டு மாதம் என்று எழுதிவிட்டு, களஞ்சியம் காலியானதால் ஆறாவது மாதத்தில் நிறுத்துவது முற்றிலும் வேறொன்று. முன்னது கொள்கை. பின்னது கைவிடல்.

மறுப்பவர்களுக்கு

"15, 20 வீதத்தினருக்குப் பயன்படும் விலையுயர்ந்த மருந்துக்கு இத்தனை ஆரவாரமா? அந்தப் பணத்தில் எல்லாப் பெண்களுக்கும் ஆரம்பப் பரிசோதனை செய்யலாமே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவான, பெரிய சிகிச்சை. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மார்பகப் புற்றுநோய். அவர்களுள் ஐந்தில் ஒருவர், ஆறில் ஒருவர் என்பது ஒரு சிறு கூட்டமன்று. மேலும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தவளிடம், "உனக்கு ஹெர்-2 உண்டு, ஆனால் ஊசி இல்லை" என்று சொல்லப்போகிறோம் என்றால், அவளை எதற்காகக் கண்டுபிடித்தோம்? ஆரம்பப் பரிசோதனையையும் சிகிச்சையையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவது, வறிய நாடுகளுக்கென்றே தயாரித்து வைக்கப்பட்ட வாதம். 2006இல் இங்கிலாந்தில் இதே மருந்தை மறுத்த உள்ளூர்ச் சுகாதார நிர்வாகத்துக்கெதிராக ஒரு பெண் மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்று வென்றார். அங்கே பெண்கள் கேட்டார்கள், கிடைத்தது. இங்கே கேட்பதற்கு முதலில் பெயராவது தெரியவேண்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பணம் வெள்ளவத்தையிலுள்ள சித்திக்குத் தனியார் வைத்தியசாலையில் ஊசி வாங்கிக் கொடுக்கிறது. நல்லது. கொட்டாஞ்சேனையில் வெளிநாட்டு உறவு இல்லாதவளுக்கு அந்த வழி இல்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாட்கள் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் திரட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்குக்கு, எல்லா இனத்தவரும் சேர்ந்து நடந்தார்கள். கட்டடம் எழுந்தது. கட்டடத்துக்குக் கல் கொடுப்பதில் நாம் வல்லவர்கள், பெயர் பொறிக்கலாமல்லவா? ஒரு ஃபிஷ் பரிசோதனைக்கும், ஒரு லொட்ஜ் வாடகைக்கும், அறிக்கையைத் தமிழில் விளக்கிச் சொல்லும் ஒரு தாதியின் சம்பளத்துக்கும் பெயர் பொறிக்க முடியாது. அங்கேதான் பணம் தேவை.

கேட்கவேண்டியவை அதிகமில்லை. உலக சுகாதார நிறுவனம், நோயாளி முதன்முதல் வைத்தியரிடம் வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் நிர்ணயம் முடியவேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஹெர்-2 முடிவும், தேவைப்படும்போது இரண்டாவது பரிசோதனையும் அந்த 60 நாட்களுக்குள் அடங்கவேண்டும். ஒவ்வோர் அறிக்கையோடும் தமிழிலும் சிங்களத்திலும் அரைப்பக்க விளக்கம் தரப்படவேண்டும். டிராஸ்டுசுமாப் எத்தனை குப்பிகள் கையிருப்பில் உள்ளன என்பதைச் சுகாதார அமைச்சு மாதந்தோறும் வெளியிடவேண்டும். வாங்கும் ஒவ்வொரு தொகுதியும் வழங்கப்படுவதற்கு முன்னர் பரிசோதிக்கப்பட்டது என்ற சான்று பொதுமக்கள் பார்வைக்கு வரவேண்டும்.

பத்திரிகை ஆசிரியர்களிடம் கேட்பது இதனினும் எளிது. அடுத்த முறை "தடுப்பூசி கண்டுபிடிப்பு" என்ற செய்தி மேசைக்கு வரும்போது அதனைப் போடுங்கள். ஆனால் அதே நாளில் ஒரு நிருபரை மகரகமவுக்கு அனுப்புங்கள். "இந்த வாரம் டிராஸ்டுசுமாப் இருக்கிறதா?" என்று அவர் கேட்டு வரட்டும். இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது அத்தகைய அறிக்கை கிடைத்தால் அதனைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிடாதீர்கள். ஹெர்-2 என்ற இடத்தைத் தேடுங்கள். 2+ என்று இருந்தால், "இரண்டாவது பரிசோதனை எப்போது?" என்று கேளுங்கள். 3+ என்று இருந்தால், "ஊசி எப்போது தொடங்கும், எத்தனை, இடையில் நில்லாதா?" என்று கேளுங்கள். விளங்காவிட்டால் மீண்டும் கேளுங்கள், தமிழில் கேளுங்கள்.